இன்ஜினை இறக்கும் முன் பிரீதரைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அப்பா 1974-ல் வாங்கிய அம்பாசடர் இன்னும் எங்கள் வாசலில்தான் நிற்கிறது. போன ஆடியில் வண்டிக்கு அடியில் தினமும் உள்ளங்கை அகலத்துக்கு ஆயில். இன்ஜினையே இறக்க வேண்டும் என்றார்கள் ஒரு பட்டறையில். எனக்கு மனசு கேட்கவில்லை.

இன்ஜினை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, மேலே முகப்பவுடர் தூவி, பத்து நிமிடம் ஓடவிட்டேன். இன்ஜினின் மேல்மூடியான ராக்கர் கவரின் பின்மூலையில் பவுடர் நனைந்து கறுத்தது. மூடிக்கு அடியில் ஒழுகாமல் இருக்க வைக்கும் தக்கைப் பட்டை, அதாவது கார்க் கேஸ்கட், கல்லாக இறுகிக் கிடந்தது. அப்புறம் இன்ஜினின் பக்கவாட்டு மூடியான டேப்பட் கவரிலிருந்து இறங்கும் பிரீதர் குழாயை, அதாவது இன்ஜின் மூச்சுவிடும் குழாயை, கழற்றினால், முக்கால்வாசி கரி அடைப்பு! உள்ளே சேரும் அழுத்தம் போக வழியில்லாவிட்டால் ஆயிலைத்தானே சந்து பொந்தெல்லாம் தள்ளும்? குழாயைக் கழுவி, புது கேஸ்கட் வைத்து, நட்டை அளவாக முடுக்கினேன். அதிகம் முடுக்கினால் மூடியின் தகடு நெளிந்து மறுபடி ஒழுகும்.

இந்த 1489 சிசி இன்ஜினில் கிராங்க் என்னும் சுழல்தண்டின் பின்பக்கம் ரப்பர் சீல் கிடையாது. அந்தத் தண்டில் வெட்டிய மரைதான் ஆயிலைத் திருப்பி உள்ளே அனுப்புகிறது. அங்கே ஓரிரு சொட்டு வருவது அதன் சுபாவம். பட்டறைக்காரர்கள் இதை வண்டிக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடலாமே. நல்ல இன்ஜின்களை வீணாகப் பிரிக்கிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

இப்படிக்கு,
பழைய கார் வைத்திருக்கும் வாசகர்,
ஈரோடு