அப்பாவுக்குக் கைக்கடிகாரம் வேண்டாம்

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். அங்கு அண்ணியும் பிள்ளைகளும் நலமா? இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நாம் பேசும்போதெல்லாம் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். அவர் கேட்கக் கூடாத சேதி என்பதால் கடிதம்.

காலடி எண்ணும் கைக்கடிகாரம் ஒன்று அப்பாவுக்கு வாங்கி அனுப்பச் சொன்னீர்களே, அதை நான் வாங்கப்போவதில்லை. காசுக்குப் பார்த்துச் சொல்லவில்லை. உங்கள் மாப்பிள்ளை கையில் அப்படி ஒன்று இருக்கிறது. அதன் லட்சணத்தைத் தினமும் பார்க்கிறேன். போன வாரம் தேங்காய் துருவித் தரச் சொன்னேன். உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு மூடியைத் துருவி முடிப்பதற்குள் சில நூறு அடி நடந்ததாகக் கணக்கு ஏறிவிட்டது! கை ஆடினால் அதற்கு நடை, அவ்வளவுதான். அதே மனிதர் பேரங்காடியில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு சுற்றிச்சுற்றி வந்தால், கை அசையாததால் பாதியைக்கூட எண்ணுவதில்லை. இரவு படுக்கப்போகும் நேரத்தில், "இன்னும் கொஞ்சம் குறைகிறது" என்று கூடத்துக்கும் சமையலறைக்கும் அலைவார். அதுவும் நான் அப்போதுதான் துடைத்துவிட்ட தரையில்.

நாளுக்குப் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்கிறார்களே, அந்தக் கணக்கும் மருத்துவர்கள் வகுத்தது இல்லையாம். 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடிமானிக்கு 'பத்தாயிரம் அடி மானி' என்று பெயர் வைத்தார்கள். அதுவே உலகம் முழுக்கப் பரவிவிட்டது. 2019-இல் அமெரிக்காவில் வயதான பெண்களிடம் நடத்திய ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. 7,500-க்கு மேல் நடந்தவர்களுக்குக் கூடுதல் பலன் தெரியவில்லை. இதை அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள். 4,400-ஆவது அடியில் அப்படியே நின்றுவிடுவார்.

என் மாமியார் பால்மரக் காலத்து மனுஷி, ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர். விடியும் முன்னே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் ஓட்டமும் நடையுமாகத்தான் வேலை. அந்தத் தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை, அதுதான் எண்ணெய்ப் பனை. அவருக்கு முழங்கால் வலி. ஆனாலும் மாலையில் மழை இல்லையென்றால், "கோயிலுக்கு ஒரு எட்டு போய் வருகிறேன்" என்று கிளம்பிவிடுவார். நடைப்பயிற்சி என்று ஒருநாளும் சொன்னதில்லை. தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில், கூட இருந்த தோழிகள் இருவர் வழியில் சேர்ந்துகொள்வார்கள். யார் மகன் சிங்கப்பூர் போனான், யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போனாள் என்பதெல்லாம் பேசித் தீர்ந்தால்தான் வீடு திரும்புவார். ஒருநாள் வராவிட்டால் அந்த இருவரும் வாசலிலேயே வந்து நிற்பார்கள். எந்தக் கடிகாரம் வந்து நிற்கும்?

அப்பா நடக்காததற்குக் காரணம் எண்ணிக்கை தெரியாதது அல்ல, கூட வர ஆளில்லாததுதான். எதிர்வீட்டு வாத்தியாரோடு அவருக்கு இருந்த சாக்கடைத் தகராறு முடிந்துவிட்டதா? முடியாவிட்டாலும் பரவாயில்லை, இருவரையும் காலையில் குளக்கரைக்கு அனுப்பிவையுங்கள். சண்டை போட்டுக்கொண்டே நாலு சுற்று வந்துவிடுவார்கள்.

தொலைபேசியையும் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அது இல்லாவிட்டால் என் மகளுக்குத் தாத்தாவைத் தெரிந்தே இருக்காது. அவர்தான் வீடியோவில் பேசும்போதும் காதில் வைத்துக்கொள்கிறார். பேத்திக்குத் தாத்தாவின் காது மனப்பாடம். இனி ஒன்பது மணிக்கு அழைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்போது இங்கே பதினொன்றரை, பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள். ஆறு மணிக்கு அழைத்தால் எங்களுக்கு எட்டரை, சாப்பிட்டு முடித்து எல்லோரும் கூடத்தில் இருப்போம்.

கடிகாரத்துக்குப் பதிலாக நல்ல நடைக்காலணி வாங்கி, அடுத்த மாதம் ஊருக்கு வரும் உறவினரிடம் கொடுத்துவிடுகிறேன். அப்பாவின் இரண்டு பாதங்களையும் காகிதத்தில் வைத்து வரைந்து, படம் எடுத்து அனுப்புங்கள். வலது கால் சற்றுப் பெரிது, அதையும் சேர்த்து வரையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தங்கை