அந்த டைமரை எடுத்துவிட்டேன்

அன்புள்ள நண்பா,

நான் நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலம்தானே? ஏழு மாதமாக உன் கடிதத்துக்குப் பதில் போடவில்லை. அது உறுத்திக்கொண்டேதான் இருந்தது. ஆனால் இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. அந்த டைமரை எடுத்துவிட்டேன்.

எந்த டைமர் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் நெட்வொர்க் கார்டு டிரைவரில் நொடிக்கு ஒரு முறை விழித்து, பாக்கெட் அனுப்பும் வரிசை உறைந்து கிடந்தால் தட்டி எழுப்புமே, அதேதான். அதன் தலையில் நீ எழுதிய கமெண்ட் இன்னும் அப்படியே இருந்தது: 'கார்டின் கோளாறு, கை வைக்காதே.' கார்டில் கோளாறே இல்லை, நண்பா. ஒன்பது வருஷம் அதன் மேல் பழி போட்டிருக்கிறோம். கோளாறு நம் ஸ்ட்ரக்டில், அதாவது கார்டின் பிட்களுக்குப் பெயர் வைத்து அடுக்கிய சி தரவமைப்பில், இருந்தது.

முதலிலிருந்தே சொல்கிறேன். இல்லாவிட்டால் நீ பாதியில் புகுந்து வாதாட ஆரம்பித்துவிடுவாய்.

போன மாதம் நம் டிரைவரை ஒரு பவர்பிசி போர்டில் ஓட்ட வேண்டி வந்தது. பிக் எண்டியன், அதாவது எண்ணின் பெரிய பைட்டை முதலில் வைக்கும் இயந்திரம். இதுவரை நம் கோடு பார்த்ததெல்லாம் சிறிய பைட்டை முதலில் வைக்கும் லிட்டில் எண்டியன் இயந்திரங்கள்தானே. கம்பைல் ஆனது, லோடு ஆனது, லிங்க் வந்தது, விளக்கும் எரிந்தது. ஒரு பாக்கெட்கூட வெளியே போகவில்லை. எர்ரர் எதுவும் இல்லை. வரிசை நிரம்பி நின்ற பிறகு லினக்ஸ் கெர்னலின் கண்காணிப்பு வாட்ச்டாக் மட்டும் நேரம் கடந்துவிட்டது என்று ஒரு வரி எழுதியது.

64 பைட் பாக்கெட் ஒன்றை அனுப்பச் சொல்லி, டிஸ்கிரிப்டரை (எந்த பாக்கெட்டை அனுப்ப வேண்டும் என்று கார்டுக்கு நினைவகத்தில் எழுதி வைக்கும் குறிப்பு) பைட் பைட்டாக அச்சிட்டுப் பார்த்தேன். அதன் முதல் 32 பிட் வேர்டு உனக்கு மனப்பாடமாக இருக்கும்: அடியில் 14 பிட் நீளம், நடுவில் 17 பிட் கொடிகள், உச்சியில் ஓன் பிட் (அது 1 என்றால் டிஸ்கிரிப்டர் கார்டின் கையில்). கொடிகள் எல்லாம் சுழியாக இருக்கும்போது லிட்டில் எண்டியனான எக்ஸ்86-இல் நினைவகத்தில் 40 00 00 80 என்று இருக்கும். பதினாறடிமானத்தில் 40 என்பது நம் 64, கடைசியில் நிற்கும் 80 ஓன் பிட். போர்டில் இருந்தது 01 00 00 01.

சரி, பைட் வரிசைதான் தலைகீழ் என்று நினைத்து, எழுதி முடித்ததும் வேர்டைப் புரட்டும்படி மாற்றினேன். மறுபடி அச்சிட்டேன். 01 00 00 01. புதிய டிரைவர் லோடே ஆகவில்லை என்று முடிவு கட்டி போர்டை இரண்டு முறை ரீபூட் செய்தேன். மூன்றாவது முறைதான் அந்த எண்ணை உற்றுப் பார்த்தேன். விகடகவி! எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றுதான். புரட்டல் நடந்துதான் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. 65 பைட் அனுப்பியிருந்தால் 01 04 00 01 என்று வந்து, புரட்டியதும் 01 00 04 01 ஆகி, முதல் நாளே காட்டிக் கொடுத்திருக்கும்.

பைட்டைப் புரட்டுவதால் தீராத விஷயம் இது என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு யூனிட்டுக்குள் பிட் ஃபீல்டுகளை (இத்தனை பிட் என்று அளவு சொல்லி ஸ்ட்ரக்டில் எழுதும் உறுப்புகளை) மேலிருந்து அடுக்குவதா கீழிருந்து அடுக்குவதா என்பதை சி மொழியின் தரநிலை கம்பைலரிடமே விட்டுவிடுகிறது. ஒரு ஃபீல்டு அடுத்த யூனிட்டுக்குள் நீளலாமா என்பதும் அப்படியே. எக்ஸ்86-இல் ஜிசிசி கம்பைலர் முதலில் எழுதிய ஃபீல்டை அடியில் வைத்தது, பவர்பிசியில் அதையே உச்சியில் வைத்தது. நீளம் 18 பிட் மேலே ஏறிவிட்டது, ஓன் பிட் அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது. கார்டு வழக்கம்போல 31-ஆம் பிட்டைப் பார்த்தது. அங்கே சுழி. டிஸ்கிரிப்டர் இன்னும் நம் கையில்தான் இருக்கிறது என்று நினைத்து, நாம் ஒப்படைப்போம் என்று காத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

'லினக்ஸின் ஐபி ஹெட்டரில் செய்திருக்கிறார்களே, நாமும் இரண்டு வரிசையில் எழுதி ஒரு கண்டிஷன் போட்டுவிட்டால் போதாதா?' என்று நீ கேட்பாய். நானும் அதைத்தான் முதலில் செய்யப் பார்த்தேன். அங்கே பதிப்பு 4 பிட், ஹெட்டர் நீளம் 4 பிட், இரண்டும் ஒரே பைட்டுக்குள் அடக்கம். வரிசையைத் திருப்பினால் 54 என்பது 45 ஆகிவிடும், வேலை முடிந்தது. நம் நீளம் 14 பிட். கார்டு பார்க்கும் அமைப்பில் அதன் கீழ் 8 பிட் முதல் பைட்டில், மீதி 6 பிட் இரண்டாம் பைட்டின் அடிப்பகுதியில். பிக் எண்டியன் கம்பைலரின் கண்ணுக்கு இந்த இரண்டு துண்டுகளுக்கு நடுவே 2 பிட் இடைவெளி விழுகிறது. ஒரு ஃபீல்டை நடுவில் கிழித்து வைக்க எந்த வரிசையாலும் முடியாது. ஃபீல்டு வரிசையையும் திருப்பி, வேர்டையும் புரட்டினால் சரிவரும். ஆனால் அப்படி இரண்டு சரிசெய்தல்களை ஜோடியாகவே காப்பாற்ற வேண்டும், ஒன்றை யாராவது மறந்தால் கதை கந்தல்.

அதனால் ஸ்ட்ரக்டை அடியோடு கலைத்துவிட்டேன். டேட்டாஷீட்டைப் பார்த்த மாதிரியே ஸ்ட்ரக்ட் இருக்க வேண்டும் என்று மேஜையைத் தட்டியவன் நீ, அதனால் உனக்கு வலிக்கும். எனக்கும் வலித்தது, அழகான ஸ்ட்ரக்ட் அது. இப்போது டிஸ்கிரிப்டரில் இருப்பவை வெறும் 32 பிட் லிட்டில் எண்டியன் எண்கள். நீளத்துக்கு 13 முதல் 0 வரையிலான பிட்களை மட்டும் பிரித்தெடுக்கும் ஒரு மாஸ்க், ஓன் பிட்டுக்கு 31-இல் ஒரு மாஸ்க். கெர்னலில் மாஸ்கைக் கட்டும் ஜென்மாஸ்க், மதிப்பை அதன் இடத்தில் வைக்கும் ஃபீல்டு பிரெப், திரும்ப எடுக்கும் ஃபீல்டு கெட் எல்லாம் தயாராகவே இருக்கின்றன. ஷிஃப்ட் எண்ணிக்கையை அவை மாஸ்கிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன, மாறிலி மாஸ்குக்குள் அடங்காவிட்டால் கம்பைல் செய்யும்போதே தடுத்துவிடுகின்றன. ஷிஃப்டும் மாஸ்கும் எண்ணின் மதிப்பின் மேல் நடப்பவை. 6 பிட் இடப்பக்கம் தள்ளுவது எந்த இயந்திரத்திலும் 64-ஆல் பெருக்குவதுதான். நினைவகத்தில் பைட் எப்படி நிற்கிறது என்ற கேள்வி ஒரே ஓர் இடத்தில், எழுதுவதற்குச் சற்று முன், லிட்டில் எண்டியனாக மாற்றும்போது மட்டும் வருகிறது. அதை எங்காவது விட்டிருந்தால் ஸ்பார்ஸ் என்ற கோடு சோதிக்கும் கருவி காட்டிக் கொடுக்கிறது. எனக்கு நான்கு இடங்களில் காட்டிக் கொடுத்தது.

இன்னொரு லாபமும் உண்டு. ஸ்ட்ரக்டுக்கு, ஒவ்வொரு முறையும் நினைவகத்துக்கே போகச் சொல்லும் வோலடைல் வேறு போட்டிருந்தோம், ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ஒரு படிப்பு, ஒரு எழுத்து. ஆறு ஃபீல்டு நிரப்பினால் பன்னிரண்டு முறை நினைவகத்துக்குப் போய் வந்தோம். இப்போது உள்ளூர் மாறியில் முழு வேர்டையும் கட்டி, பஃபர் முகவரியை முதலில் எழுதி, நடுவில் எழுதும் வரிசை மாறாமல் காக்கும் ஒரு பேரியர் போட்டு, கடைசியாக ஒரே எழுத்தில் ஒப்படைக்கிறேன். அரைகுறை டிஸ்கிரிப்டரைக் கார்டு பார்க்கவே வழியில்லை.

இப்போது டைமருக்கு வருகிறேன். இதை நிதானமாகப் படி.

கார்டு எதற்காக நம்மைக் கூப்பிட்டது என்று காட்டும் இன்டரப்ட் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் ஒரு பிட்டை அழிக்க அதே பிட்டில் 1 எழுத வேண்டும். 0 எழுதினால் எதுவும் ஆகாது. நாம் என்ன எழுதியிருந்தோம்? மேலே ஸ்டேட்டஸை ஒரு முறை படித்து வைத்துக்கொண்டு, கீழே பாக்கெட் வரவுக்கான ஃபீல்டில் மட்டும் 1 போட்டோம். பார்க்க ஒரு பிட் எழுதுவது போல இருக்கும். கம்பைலரோ ரெஜிஸ்டர் முழுவதையும் படித்து, அந்த பிட்டைச் சேர்த்து, முழுவதையும் திருப்பி எழுதுகிறது. முதலில் படித்ததற்கும் இதற்கும் நடுவில் 'பாக்கெட் போய்விட்டது' என்ற பிட் எழுந்திருந்தால், அதுவும் 1 ஆகவே திரும்ப எழுதப்பட்டு, யாரும் கவனிக்காமலே அழிந்துவிடும். மைக்ரோ செகண்டுகளே உள்ள சந்து அது. வரிசை நிரம்பி நிற்கும் நேரத்தில் அந்தச் சந்தில் விழுந்தால், வரிசை காலியாகிவிட்டது என்று சொல்ல யாருமில்லை. புதிய பாக்கெட் ஏறாது, அனுப்பியதற்கான புதிய இன்டரப்டும் வராது. உறைந்துவிடும்.

மாதத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ, அதுவும் டிராஃபிக் உச்சத்தில் மட்டும் ஏன் வந்தது என்று நாம் மண்டையை உடைத்துக்கொண்ட ராத்திரிகளுக்கு இதுதான் பதில். எக்ஸ்86-இலேயே இருந்த பிழை, எண்டியனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வாத்தியார் அன்றைக்கே 'கம்பைலர் உனக்கு மாமனா மச்சானா, சொல்லாததையும் புரிந்துகொள்ள?' என்று கேட்டார். அவர் பழைய கதை பேசுகிறார் என்று நாம் இருவரும் சிரித்தோம்.

நாம் மட்டும் ஏமாறவில்லை. இன்டெலின் ஐஏ64 பிராசஸரில் ஜிசிசி ஒரு பிட் ஃபீல்டுக்காக 64 பிட்டையும் படித்துத் திருப்பி எழுதி, பக்கத்தில் இருந்த ஸ்பின்லாக் என்ற பூட்டை நாசம் செய்ததை 2012-இல் கெர்னல் ஆட்கள் கண்டுபிடித்தார்கள். நம் டிரைவருக்குள்ளேயே இருக்கும், வெளியே போகாத, ஒரே லாக்கின் கீழ் மாறும் கொடிகளை நான் பிட் ஃபீல்டாகவே விட்டுவிட்டேன். அவற்றோடு எனக்குச் சண்டை இல்லை. கார்டும் வயரும் பார்க்கும் எதிலும் இனி என் கையால் பிட் ஃபீல்டு எழுத மாட்டேன்.

டைமரை எடுத்து இன்றோடு 19 நாள். முழு டிராஃபிக்கில் விட்டிருக்கிறேன், ஒரு முறைகூட உறையவில்லை.

உன் டீமில் இன்னமும் அதே ஹெட்டர் கோப்புதான் ஓடுகிறது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். டிஸ்கிரிப்டரை நிதானமாக மாற்றிக்கொள், அவசரமில்லை. ஆனால் இன்டரப்டை அழிக்கும் அந்த மூன்று வரியை நாளைக்கே பார். படித்து வைத்த மதிப்பில் நீ உண்மையில் கையாண்ட பிட்களை மட்டும் மாஸ்கால் எடுத்து, நேரடியாக எழுதிவிடு. திரும்பப் படிக்காதே. என் பேட்சை அனுப்பி வைக்கிறேன். சந்தேகம் இருந்தால் எந்நேரமானாலும் கூப்பிடு.

உன்,
மூன்றாம் மேஜை

பி.கு.: லிங்க் நிலைக்கு நாம் வைத்த 1 பிட் ஃபீல்டு வெறும் இன்ட். ஜிசிசியில் அது குறியுள்ள எண், அதில் 1 போட்டால் படிக்கும்போது -1 வரும். அதை 1-உடன் ஒப்பிடும் இரண்டு இடங்கள் இருந்தன, இரண்டும் ஒரு நாளும் உண்மையானதே இல்லை. உன் நகலில் அதையும் தேடு.