பென்சில் செல் டார்ச்சே போதும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மலையேற்றத்துக்குக் கிளம்புகிறவர்கள் என்னென்ன எடுத்துப்போக வேண்டும் என்று சென்ற வார இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஷூ, தண்ணீர், மழைக்கோட்டு எல்லாம் சரி. டார்ச் லைட்டுக்கு மட்டும் ஒரே வரி: அதிக லூமன் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) உள்ளதாகப் பார்த்து வாங்கவும். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். அப்படிப் பார்த்து வாங்கிய டார்ச்சை நம்பி ஒருமுறை மலையில் நின்றிருக்கிறேன்.

ஏழெட்டு வருடம் இருக்கும். நானும் அக்கா மகனும் அவன் ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேரும் ராத்திரியில் பர்வதமலை ஏறினோம். அவன் கொண்டுவந்தது முழங்கை நீளத்துக்கு ஒரு ஜூம் டார்ச், மவுண்ட் ரோடு நடைபாதையில் வாங்கியது. அட்டையில் 50,000 லூமன் என்று போட்டிருந்ததாம். அடிவாரத்து ஊரான தென்மகாதேவமங்கலத்தில் இறங்கிப் பார்த்தால் அவன் முதுகுப்பைக்குள் வெளிச்சம் தெரிகிறது. பஸ்ஸில் எங்கேயோ ஸ்விட்ச் அமுங்கி, வழியெல்லாம் எரிந்துகொண்டே வந்திருக்கிறது. பாதி மலைகூட வரவில்லை, அணைந்துவிட்டது. நண்பர் ஒருவர் பவர் பேங்க் வைத்திருந்தார், வயரை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

மிச்சம் என் சட்டைப்பையில் கிடந்த சின்ன டார்ச். ஆள்காட்டி விரலைவிடக் கொஞ்சம் நீளம், ஒற்றைப் பென்சில் செல். பிடித்து ஏறக் கடப்பாரைக் கம்பிகள் அடித்து வைத்த பாறைக்கு வந்தபோது இரண்டு கையும் கம்பிக்கு வேண்டியிருந்தது. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏறினேன். வாயெல்லாம் அலுமினியக் கசப்பு, தாடை விட்டுப்போனது. ஆனாலும் அடுத்த கம்பி எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. நடுவில் வெளிச்சம் மங்கியபோது வேறு செல் மாற்றினேன். அது ஏறுமுன் அடிவாரத்துப் பெட்டிக்கடையில் வாங்கியது, பீடிக்கட்டுக்கும் ஷாம்பு பாக்கெட்டுக்கும் நடுவில் தொங்கியது. சுவர்க் கடிகாரத்துக்குப் போடுவோமே, அதே செல். டார்ச் வாங்கும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்: இதற்கு என்ன செல், நான் போகிற ஊரில் அது கிடைக்குமா?

லூமன் கணக்குக்கு வருகிறேன். வீட்டில் முன்பு எரிந்த 60 வாட் குண்டு பல்பு தந்தது ஏறத்தாழ 700 லூமன். அப்படியென்றால் 50,000 என்பது எழுபது குண்டு பல்பு. அத்தனையும் ஒரு கைப்பிடி டார்ச்சிலிருந்து வருமானால் அந்தச் சூட்டுக்குக் கையில் பிடிக்க முடியாது. கூடாரத்துக்குள் பையைத் துழாவ 5 லூமன் போதும். ஒற்றையடிப் பாதையில் நடக்க 50 இருந்தால் தாராளம். எதிர் மலையை அடித்துப் பார்க்கிற ஆசை இருந்தால்தான் அதற்கு மேல் வேண்டும்.

நல்ல தயாரிப்பாளர்கள் அட்டையில் போடும் நேரக் கணக்கிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஏ.என்.எஸ்.ஐ. எஃப்.எல்.1 என்று டார்ச்சுகளுக்கான அளவீட்டு முறை ஒன்று உண்டு. அதன்படி, ஆரம்ப வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை டார்ச் எரிவதாகவே கணக்கு. மூன்று மணி நேரம் என்று போட்டிருந்தால், முதல் சில நிமிடம் பளிச்சென்று எரிந்துவிட்டு மீதி நேரம் அழுது வடிந்தாலும் அவர்கள் சொன்னது பொய்யில்லை. அதனால் நான் அதிகபட்ச வெளிச்சத்தைப் பார்ப்பதே இல்லை. குறைந்த வெளிச்சத்தில் எத்தனை மணி நேரம் என்றுதான் பார்ப்பேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் பெரம்பூரில் எங்கள் தெருவில் கரண்ட் இல்லாத மூன்று ராத்திரியையும் என் சின்ன டார்ச்சைக் கூரையைப் பார்த்து நிமிர்த்தி வைத்து, ஒரே செல்லில் ஓட்டினோம்.

தண்ணீர் விஷயம் சுருக்கமாக: டார்ச் எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்பதற்கு அட்டையில் ஒரு குறியீடு இருக்கும். ஐ.பி.எக்ஸ்.4 என்றால் சாரல், தெறிப்பு தாங்கும். ஐ.பி.எக்ஸ்.7 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். தலையை இழுத்துத் தள்ளும் ஜூம் டார்ச்சுகளில் பெரும்பாலும் அந்த இடுக்கிலேயே தண்ணீர் இறங்கிவிடும்.

18650 என்கிற தடித்த லித்தியம் செல் போடும் டார்ச்சுகள் மோசம் என்று சொல்லவில்லை, சக்தி அதிகம்தான். ஆனால் தீர்ந்துபோனால் மலை அடிவாரத்தில் கிடைக்காது. சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் வாங்கினாலும் அட்டையைப் பார்த்து வாங்க வேண்டும். செல்லில் எவ்வளவு மின்சாரம் அடங்கும் என்பதை மில்லி ஆம்பியர் மணியில் சொல்வார்கள். நல்ல கம்பெனி செல்லே பெரும்பாலும் 3,500 மில்லி ஆம்பியர் மணிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. 9,900 என்று அச்சடித்து விற்பதை என்னவென்று சொல்வது?

பென்சில் செல்லிலும் தொல்லை இல்லாமல் இல்லை. டார்ச்சுக்குள்ளேயே மாதக்கணக்கில் விட்டால் கசிந்து, பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து ஸ்பிரிங்கை அரித்துவிடும். ஊர் திரும்பியதும் செல்லைக் கழற்றிவிடுவேன். பயணத்தில், பின்மூடியைக் கால் சுற்று தளர்த்தி வைப்பேன். பல உலோக டார்ச்சுகளில் அதிலேயே இணைப்பு விட்டுப்போகும், பைக்குள் தானாக எரியாது. இது தெரிந்திருந்தால் அன்றைக்கு அக்கா மகனுடைய டார்ச் தப்பித்திருக்கும். (அதை இன்னமும் வைத்திருக்கிறான், மொட்டை மாடியில் பூனை விரட்ட.)

நெற்றியில் மாட்டும் லைட் நல்லதில்லையா என்று கேட்பீர்கள். நடக்க அதுதான் வசதி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்போம், அவர் கண் கூசிப்போகும். இருட்டுக்குப் பழகிய கண் ஒருமுறை கூசினால் பழையபடி தெளிய இருபது நிமிடமாவது ஆகும். நாலைந்து பேர் போகும்போது ஒருவர் மாட்டினால் போதும், மற்றவர்கள் கையில் சின்ன டார்ச் இருக்கட்டும்.

இனி இந்த மாதிரிக் கட்டுரை போடும்போது ஒவ்வொரு டார்ச்சின் விலைக்குப் பக்கத்தில் அது எந்த செல்லில் எரிகிறது என்பதையும் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெரம்பூர், சென்னை – 11