புராஜெக்ட் வழிகாட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

கலைக் கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர்களின் ஆய்வேட்டுக்கு வழிகாட்டும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். புறத்தேர்வாளராக, அதாவது வெளியிலிருந்து வந்து ஆய்வேடுகளை மதிப்பிடுகிறவராக, பல கல்லூரிகளுக்குப் போய்வருகிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். மேசைமேல் அடுக்கியிருக்கும் ஆய்வேடுகளில் பாதிக்குமேல் ‘பெண்களின் சமூகப் பொருளாதார நிலை – ஓர் ஆய்வு’ என்ற தலைப்புதான். ஊர்ப்பெயர் மட்டும் மாறும். உள்ளே ஐம்பது வினாப்படிவங்கள், சதவீத அட்டவணை, கடைசியில் ‘அரசு விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்’ என்ற பரிந்துரை. “இந்த ஐம்பது பேரில் உன் மனசில் நிற்கிற ஒருத்தரைப் பற்றிச் சொல்லும்மா” என்று வைவா எனப்படும் வாய்மொழித் தேர்வில் கேட்டால் பிள்ளை விழிக்கிறாள். அவளைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. தலைப்பே பிப்ரவரியில்தான் கைக்கு வந்தது. மார்ச் முடிவதற்குள் பைண்டிங் முடிய வேண்டும்.

1916-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களைச் சொந்த ஊர்களை ஆய்வு செய்ய அனுப்பினார். இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான், வடமலைபுரம், பாலக்குறிச்சி ஆகிய ஊர்களைப் பற்றி அந்தப் பிள்ளைகள் திரட்டியவை 1918-இல் நூலாக வந்தன. 1936-37-இல் அதே ஊர்களில் மறு ஆய்வு நடந்தது. விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டுக்கு 2008 வரையிலும் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போயிருக்கிறார்கள். இத்தனைக்கும் அடித்தளம் கல்லூரி மாணவர்களின் வேலை!

அந்த அறிக்கைகளில் படியாட்கள், அதாவது நெல்லைக் கூலியாகப் பெற்றுப் பண்ணையில் உழைத்தவர்கள், வருகிறார்கள். அவர்களுக்கு அளந்த நெல், பட்டிருந்த கடன் எல்லாம் பதிவாகியிருக்கின்றன. ஆனால் அவர்கள் எழுதியது என்று ஒரு வரி கிடையாது. இன்று அப்படிப்பட்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைகள், வீட்டில் முதல் பட்டதாரியாக, உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அன்றைய மாணவர் எவருக்கும் எட்டாத திண்ணையும் அடுப்படியும் இவர்களுக்குச் சொந்த வீடு. அவர்கள் கையில் இன்னொருவர் தயாரித்த வினாப்படிவத்தைக் கொடுத்து அனுப்புகிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

உதாரணத்துக்கு, ஒரு மாணவியின் அம்மா தினமும் விடியற்காலை டவுன் பஸ்ஸில் பூக்கூடையோடு மார்க்கெட்டுக்குப் போகிறவர். 2021 மே மாதத்தில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்த பிறகு, மிச்சமான காசு யார் கையில் நிற்கிறது? தம் பிறந்த வீட்டுக்குப் போக அவர் இப்போதும் கணவரிடம் கேட்க வேண்டியிருக்கிறதா? கூடையோடு ஏறினால் நடத்துனர் என்ன சொல்கிறார்? எட்டுப் பெண்களோடு ஒரு மாதம் அந்த பஸ்ஸில் போய்வந்தாலே போதும், இந்தக் கேள்விகள் நல்ல ஆய்வாகிவிடும். கை-வர்க்கச் சோதனை (chi-square) போன்ற புள்ளியியல் கணக்கு இதற்குத் தேவையே இல்லை. எட்டுப் பேரை வைத்து மாவட்டத்துக்கே முடிவு சொல்லக்கூடாது என்பதை மட்டும் கற்றுக்கொடுங்கள்.

பெரிய சீர்திருத்தம் எதையும் கேட்கவில்லை. தலைப்பை ஐந்தாம் செமஸ்டர் தொடக்கத்திலேயே பேசி முடிவுசெய்யுங்கள். களக்குறிப்பு நோட்டைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வாங்கிப் படியுங்கள். அதற்கென்று மதிப்பெண் ஒதுக்குங்கள். யார் என்ன சொன்னார், எந்த இடத்தில் பேச்சை மாற்றினார், பக்கத்தில் யார் நின்றார் என்பதெல்லாம் அன்று இரவே எழுதினால்தான் உண்டு. பேசுகிறவரிடம் எதற்காகக் கேட்கிறோம் என்று முதலிலேயே சொல்லி, சம்மதம் கிடைத்த பிறகே செல்போனில் பதிவுசெய்யச் சொல்லுங்கள். சாதி, கடன், குடும்பச் சண்டை பற்றிச் சொன்னவர்களின் பெயரை மாற்றியே எழுத வேண்டும். சின்ன ஊரில் பெயரை மாற்றினாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் தெருவையும் தொழிலையும்கூடச் சில இடங்களில் மறைக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று. வைவா முடிந்ததும் ஆய்வேடுகள் துறை அலமாரியில் சில ஆண்டு கிடந்து, பிறகு எடைக்குப் போகின்றன. நல்லவற்றையாவது கல்லூரி நூலகத்தில் ஊர்வாரியாகப் பட்டியலிட்டு வையுங்கள். அடுத்த ஆண்டு அதே ஊருக்குப் போகிற பிள்ளை, முதலில் அங்கே போய்ப் படித்துவிட்டுக் கிளம்பட்டும்.

அன்புடன்,
ஒரு புறத்தேர்வாளர்