லைனைப் பெரிதாக்கும் முன் ரவுட்டரைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கிளை அலுவலகங்களில் டேட்டா லைன் வழியாகவே பேசும் ஐபி போன் வந்தபிறகு பேச்சு விட்டுவிட்டுக் கேட்கிறது, லைன் வேகத்தைக் கூட்டினால்தான் சரியாகும் என்று வாசகர் ஒருவர் இந்தப் பகுதியில் எழுதியிருந்தார். அவர் படும் அவதி உண்மைதான். ஆனால் கிளை நெட்வொர்க்குகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், வேகத்தை மட்டும் கூட்டினால் பணம்தான் போகும்.

கவனித்துப் பாருங்கள், தலைமை அலுவலகம் பேசுவது கிளையில் தெளிவாகக் கேட்கும், கிளைக்காரர் பேசுவதுதான் அங்கே துண்டு துண்டாகப் போய்ச் சேரும். ஸ்கேன் செய்த கோப்பு, கேமரா பதிவு, பேக்கப் எல்லாம் அப்லோடில் போவதுதான் காரணம். 512 கேபிபிஎஸ் லைனில் 1500 பைட் பாக்கெட், அதாவது தரவுத் துண்டு, ஒன்று வெளியேறவே 23 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். குரல் பாக்கெட்டோ பொதுவாக 20 மில்லி செகண்டுக்கு ஒன்று வந்துகொண்டே இருக்கும். அதற்கு முன்னால் பத்து பெரிய பாக்கெட் நின்றால் கிட்டத்தட்ட கால் செகண்ட் போச்சு. ஒருவழித் தாமதம் 150 மில்லி செகண்டுக்குள் இருந்தால்தான் இயல்பாகப் பேச முடியும் என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூவின் ஜி.114 பரிந்துரை. லைனை இரட்டிப்பாக்கினாலும் பேக்கப் அதையும் நிரப்பிவிடும்.

குரல் பாக்கெட்டுக்கு ‘இதை முதலில் அனுப்பு’ என்று சொல்லும் இஎஃப் அடையாளம், அதாவது பாக்கெட் தலைப்பில் டிஎஸ்சிபி 46 என்ற எண், போட்டு ரவுட்டரில் தனி முன்னுரிமை வரிசை கொடுங்கள். அப்புறம் ரவுட்டர் அனுப்பும் வேகத்தை லைன் வேகத்துக்குச் சற்றுக் குறைவாகக் கட்டுப்படுத்துங்கள், அதாவது ஷேப்பிங் செய்யுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். இது இல்லாவிட்டால் நெரிசல் மோடத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், ரவுட்டரில் என்ன வரிசை வைத்தும் பயனில்லை. குரலை டிஜிட்டலாக மாற்றும் முறைதான் கோடெக்; ஜி.711 கோடெக்கில் ஓர் அழைப்பு, பாக்கெட்டில் சேரும் ஐபி தலைப்புகளோடு 80 கேபிபிஎஸ் எடுக்கும், ஜி.729 என்றால் 24 போதும். எதுவானாலும் ஒரே நேரத்தில் எத்தனை அழைப்பு என்று உச்சவரம்பு வையுங்கள், ஏனென்றால் ஒதுக்கிய அளவுக்கு மேல் ஒன்றை உள்ளே விட்டால் அது மட்டுமல்ல, ஏற்கெனவே பேசிக்கொண்டிருப்பவர்கள் எல்லோருடைய குரலும் உடையும். ஒருவருக்கு பிஸி டோன் கேட்பது எவ்வளவோ மேல்.

லைன் கொடுக்கும் நிறுவனம் அந்த அடையாளத்தைத் தன் நெட்வொர்க்கிலும் மதிக்குமா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

புது லைனுக்குக் கையெழுத்துப் போடும் முன் ஒரு மதியம் பேக்கப்பையும் கேமரா அப்லோடையும் நிறுத்திவிட்டுப் பேசிப் பாருங்கள். குரல் தெளிந்துவிட்டால், உங்களுக்குத் தேவை ரவுட்டரில் அரை நாள் வேலைதான்.

– நெட்வொர்க் பணியாளர், கோவை