பாசிக்குடா விடுதி பஸ்களுக்கு ஒரு நேரக்கணிப்பாளர் வேண்டும்

ஆசிரியருக்கு,

மட்டக்களப்பு மாவட்டத்துப் பாசிக்குடாக் கடற்கரை விடுதிகளில் தங்கிப் போகிறவர்கள் அடிக்கடி சொல்லும் குறை பஸ் பற்றியது. ரயில் நிலையத்திலிருந்து விடுதிக்கும், விடுதியிலிருந்து பொதுக் கடற்கரைக்கும் வாழைச்சேனைக் கடைத்தெருவுக்கும் விருந்தினரை ஏற்றி இறக்க விடுதிகள் ஓட விடும் ரோசா எனும் சிறிய பஸ்களையும் வான்களையும்தான் சொல்கிறோம். 'அரை மணித்தியாலத்துக்கு ஒருதரம்' என்று வரவேற்பு மேசையில் எழுதியிருக்கும். பிள்ளைகளோடு வெயிலில் முக்கால் மணித்தியாலம் நின்றால் இரண்டு வண்டிகள் ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு மற்றது வரும். முதலாவதில் கால் வைக்க இடமிராது, பின்னால் வருவது காற்று ஏற்றிக்கொண்டு போகும். முறைப்பாடு செய்தால், இன்னொரு வண்டி எடுக்கப் பார்க்கிறோம் என்ற பதில் வருகிறது. மூன்றாவது வண்டியும் வந்து இதே வரிசையில்தான் சேரும் என்பதால் இந்தக் கடிதத்தை எழுதுகிறோம்.

கணக்கைப் பார்ப்போம். ஒரு சுற்று போய்வர 40 நிமிடம், வண்டி இரண்டு, அந்த 40 நிமிடத்தில் தரிப்பிடங்களுக்கு வருகிறவர்கள் 48 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வண்டியும் 20 நிமிட இடைவெளியில் ஓடினால் ஒவ்வொன்றுக்கும் 24 பேர். 26 இருக்கை உள்ள ரோசாவில் எல்லோரும் இருந்தே போகலாம். சராசரிக் காத்திருப்பு 10 நிமிடம். இதே இரண்டு வண்டியும் நெருங்கி, இடைவெளி 35 நிமிடம், 5 நிமிடம் என்று பிசகிவிட்டால் முன்னால் வருவதற்கு 42 பேர் சேர்ந்துவிடுவார்கள், பின்னால் வருவதற்கு 6 பேர்தான் மிஞ்சுவார்கள். சராசரிக் காத்திருப்பு கிட்டத்தட்ட 16 நிமிடமாக ஏறும். வண்டியும் கூடவில்லை, ஆட்களும் கூடவில்லை. ஆனாலும் 16 பேருக்கு இருக்க இடமில்லை, பின் வண்டியில் 20 இருக்கை சும்மா போகிறது.

இந்தப் பிசகு ஒருமுறை தொடங்கினால் தானாகச் சரிவராது, கூடிக்கொண்டே போகும். பிந்தி வரும் வண்டிக்கு ஆட்கள் அதிகம் காத்திருப்பார்கள். ஆட்கள் கூடினால் ஏற நேரம் எடுக்கும், அதனால் இன்னும் பிந்தும். பின்னால் வருவதற்கு ஏற்ற ஆளே இல்லை, அது வேகமாக வந்து முன் வண்டியை எட்டிப் பிடித்துவிடும். இதில் சாரதியின் பிழை எதுவும் இல்லை. இரண்டு சாரதிகளும் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்தால்கூட இதுதான் நடக்கும்.

தொடக்கம் பெரும்பாலும் பயணப்பெட்டிதான். ரோசாவுக்கு ஏறும் கதவு ஒன்றே ஒன்று. கைவீசி வருகிறவர் ஏற மூன்று நான்கு விநாடி போதும். பெரிய பெட்டியோடு வருகிறவருக்கு அது பத்துப் பதினைந்து விநாடியாகும். பின்பக்கம் சாமான் வைக்கும் இடம் சிறியது, நான்கைந்து பெட்டியோடு நிறைந்துவிடும். மிச்சத்தை நடைபாதையின் மடக்குச் சீட்டில் அடுக்குவார்கள். பிறகு பின் வரிசையில் இருப்பவர் முதல் விடுதியில் இறங்க வேண்டியிருந்தால் அத்தனை பெட்டியையும் வெளியே இறக்கி, அவரை விட்டு, மறுபடி ஏற்ற வேண்டும். ஒரே தரிப்பில் ஐந்து ஆறு நிமிடம் போய்விடும். அன்றைய நேர ஒழுங்கு அந்த இடத்திலேயே குலைகிறது. ரயிலுக்குப் போகும் வண்டியையும் கடற்கரை, கடைத்தெருவுக்குப் போகும் வண்டியையும் பிரித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். பெட்டிகளுக்கு வேறு வான் விட்டால் இன்னும் நல்லது. பெட்டிகளில் விடுதிப் பெயர் எழுதிய அட்டை கட்டி, கடைசியில் இறங்குகிறவரின் பெட்டியை முதலில் ஏற்ற வேண்டும். இது பழைய நீண்டதூர பஸ் நடத்துநர் எவருக்கும் தெரிந்த பழக்கம்.

அடுத்தது, ஒருவர் நின்று வண்டியை மறிக்க வேண்டும். இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ் நிலையங்களில் நேரக்கணிப்பாளர் இருப்பது இதற்குத்தான். முன் வண்டி போய் 5 நிமிடத்தில் அடுத்தது வந்தால், அதை நிறுத்தி வைத்து உரிய நேரத்தில் அனுப்புவார். விடுதி பஸ்களில் இந்த அதிகாரம் யாரிடமும் இல்லை. வரவேற்பில் இருப்பவருக்குத் தொலைபேசியோடு வேலை சரி, காவலாளிக்குக் கேற்றோடு வேலை சரி. ஒரு முனையில் ஓர் ஆள், ஒரு மணிக்கூடு, ஒரு கொப்பி போதும். கொப்பியில் நான்கு நிரல்: வண்டி வந்த நேரம், போன நேரம், ஏறியவர்கள், இடமில்லாமல் நின்றவர்கள். கடைசி நிரலை யாரும் எழுதுவதில்லை. எந்த நேரத்துக்கு வண்டி பற்றாது என்பதை அதுதான் காட்டும்.

மறிக்கிற இடம் சுற்றின் வெறும் முனையாக இருக்க வேண்டும், அதாவது எல்லோரும் இறங்கிய இடம். நடுவழியில் ஆட்களை உள்ளே வைத்துக்கொண்டு நிறுத்தினால் ஏறியவர்கள் கோபப்படுவார்கள், அது நியாயமும்கூட. மறிப்பதற்கு நேர அட்டவணையில் இடமும் விட வேண்டும். 40 நிமிட ஓட்டத்துக்கு 40 நிமிடமே போட்டால் ஒரு மாடு குறுக்கே வந்தாலும் நாள் முழுக்கப் பிந்தும். 50 நிமிடம் போட்டு, 10 நிமிடத்தை முனையில் வைத்தால், இரண்டு வண்டிக்கு இடைவெளி 25 நிமிடம். 20 என்று எழுதிவிட்டு 35 நிமிடம் நிற்க வைப்பதை விட, 25 என்று எழுதி 25க்கு வருவது எவ்வளவோ மேல். காத்திருக்கத் தயாராக இருப்பவரும் எவ்வளவு நேரம் என்று தெரியாமல் நிற்கத் தயாரில்லை. வண்டி பிந்துகிறது என்று ஐந்து நிமிடத்துக்குள் சொல்லிவிட்டால் விரும்பியவர் ஆட்டோ பிடித்துப் போவார். வெளியே நிற்கும் ஆட்டோக்காரருக்கும் ஓட்டம் கிடைக்கும். அவர்களைக் கேற்றடியில் விரட்டும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது, அது யாருக்கும் நன்மை தரவில்லை.

இரண்டு மூன்று விடுதிகள் ஒரு வண்டியைப் பகிரும்போது வேறொரு சிக்கல் வரும். முதல் விடுதியிலேயே இருக்கை நிறைந்துவிடும், கடைசி விடுதிக்காரர் ஒவ்வொரு முறையும் கைகாட்டிவிட்டு நிற்பார். உலகத்தின் மிகப் பெரிய கேளிக்கைப் பூங்கா வளாகங்களிலும் இதே குறைதான். அமெரிக்காவின் புளோரிடாவில் 1971 இல் திறந்த வால்ட் டிஸ்னி வேர்ல்டில் நான்கு பூங்காக்களையும் விடுதிகளையும் இலவச பஸ்கள் இணைக்கின்றன. ஒரே விடுதி வளாகத்துக்குள் பல தரிப்புகள் உள்ள இடங்களில், கடைசித் தரிப்பில் நிற்பவர்களின் முறைப்பாடு அங்கும் ஓய்ந்ததில்லை. ஆனால் அங்கே பூங்கா வாசலில் ஒவ்வொரு விடுதிக்கும் தனித் தரிப்பும் அதன் பெயர்ப் பலகையும் உண்டு. எந்த வண்டி எங்கே வரும் என்று யாரையும் கேட்டுத் திரிய வேண்டியதில்லை. நமது பொதுக் கடற்கரை வாசலில் பின்னேரம் வண்டிகள் நிற்கும் கோலத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பலகையின் அருமை விளங்கும். பலகையும் கம்பமும் பெரிய செலவில்லை. எழுதும்போது தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதுங்கள். தமிழ் விடுபட்ட அறிவித்தல்கள் இந்தக் கரையிலேயே இருப்பது வருத்தமானது. கடைசி விடுதிக்காரருக்கு வழி இருக்கிறது: ஒரு நடை வடக்கேயிருந்து தொடங்கினால் அடுத்த நடை தெற்கேயிருந்து தொடங்க வேண்டும். அல்லது கூட்ட நேரத்தில் ஒரு வண்டி நேரே கடைசி விடுதிக்குப் போய் அங்கிருந்து ஏற்றி வர வேண்டும்.

ரயில் விடயம் தனியாகச் சொல்லப்பட வேண்டியது. கொழும்பிலிருந்து வரும் ரயில் வெலிக்கந்தை, புணானை தாண்டி முதலில் வாழைச்சேனைக்கும் பிறகு கல்குடாவுக்கும் வந்து மட்டக்களப்புக்குப் போகிறது. அறை பதிவு செய்யும்போது எந்த நிலையத்தில் இறங்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்காததால், விருந்தினர் வாழைச்சேனையில் இறங்கி நிற்க, வண்டி கல்குடாவில் காத்திருக்கும். இது ஒரு வரியில் தீரும் பிரச்சினை. மற்றது தாமதம். ஒற்றைப் பாதை, எதிர் ரயிலுக்கு விலகி நிற்க வேண்டும், யானை கடக்கும் பகுதிகளில் வேகம் குறைக்க வேண்டும். உதயதேவி ரயிலோ இரவு ரயிலான மீனகயாவோ நேரத்துக்கு வரும் என்று நம்பி வண்டியை அனுப்பினால், ஒன்றில் வண்டி நிலையத்தில் சும்மா கிடக்கும், அல்லது அடுத்த நடைக்கு நேரமாகிவிட்டது என்று வெறுமையாகத் திரும்பிவிடும். திரும்பிய பத்து நிமிடத்தில் ரயில் வரும். ரயில் வெலிக்கந்தையை விட்டதா என்று நிலையத்தில் கேட்டறிந்த பிறகு வண்டியை ஆயத்தப்படுத்தி, புணானையை விட்டதும் அனுப்பினால் போதும். ரயிலுக்குப் போகும் வண்டியைச் சுற்று ஓடும் வண்டிகளோடு கலக்கக்கூடாது என்பதற்கு இதுவும் காரணம்.

கிழக்கில் உல்லாசப் பயணக் காலம் சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை. அதற்குள் போயா (பௌர்ணமி) விடுமுறைகளும் பாடசாலை விடுமுறையும் வந்தால் பொலன்னறுவைப் பக்கமிருந்தும் கண்டிப் பக்கமிருந்தும் வரும் பஸ்கள் கடற்கரை வாகனத் தரிப்பிடத்தை அடைத்துவிடும். உள்ளே போன விடுதி வண்டி திரும்பி வெளியேறவே இருபது நிமிடம் பிடிக்கும். அந்த நாட்களில் வண்டி உள்ளே போகக்கூடாது, பிரதான வீதியோரத்திலேயே இறக்கி ஏற்ற வேண்டும். நூறு இருநூறு மீற்றர் நடப்பது அந்த நெரிசலுக்குள் இருப்பதை விட விரைவு. நடக்க இயலாதவர்களுக்கு ஓர் ஆட்டோவை ஒழுங்கு செய்யலாம். வெள்ளிக்கிழமை மதியம் இன்னொரு இடைவெளி விழும். ஓட்டமாவடி, மீராவோடைப் பக்கத்துச் முஸ்லிம் சாரதிகள் ஜும்ஆத் தொழுகைக்குப் போக வேண்டும். இது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்த விடயம். அந்த ஒன்றரை மணித்தியாலத்துக்கு மாற்றுச் சாரதியைப் போடாமல் வண்டியை நிறுத்திவிட்டு, பிறகு விருந்தினர் முன்னால் சாரதியைக் குறை சொல்வது முறையில்லை.

வண்டியின் பராமரிப்பும் நேரத்தைத் தின்னும். வான்களின் இழுவைக் கதவுத் தண்டவாளத்தில் கடல்மணல் சேர்ந்தால் கதவு இறுகும், ஒவ்வொரு தரிப்பிலும் இருவர் சேர்ந்து இழுக்க வேண்டிவரும். காலையில் ஒரு தூரிகையால் தட்டிவிட்டால் முடிந்தது. உப்புக் காற்றில் அடிச்சட்டம், பிறேக் குழாய், குளிரூட்டியின் முன் தகடு எல்லாம் அரிக்கும். வாரம் ஒருமுறையாவது அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். உவர்க் கிணற்றுத் தண்ணீரால் கழுவுவது உப்பை உப்பால் கழுவுவதுதான். தரிப்பில் எஞ்சினைச் சும்மா ஓட விட்டு, கதவையும் திறந்து வைத்துவிட்டு, குளிரூட்டி குளிரவில்லை என்று சொல்வதையும் காண்கிறோம். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது குளிரூட்டியின் அமுக்கியும் (கொம்பிரசர்) மெதுவாகத்தான் சுற்றும். நிழலில் நிறுத்துவதே பெரிய குளிர்ச்சி.

விடுதி வண்டியில் ஆளுக்கு இவ்வளவு என்று காசு வாங்கத் தொடங்கினால் அது வேறு சேவையாகிவிடும். கட்டணம் அறவிட்டுப் பயணிகளை ஏற்ற வழித்தட அனுமதிப்பத்திரம் வேண்டும், மாகாணத்துக்குள் அது மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபையின் பொறுப்பு. காப்புறுதியும் அதற்கேற்ப இருக்க வேண்டும். விபத்து நடந்த பிறகு இதைத் தேடிப் பயனில்லை.

இவ்வளவும் விருந்தினரைப் பற்றியது. இதே வண்டிகளில்தான் பல விடுதிகளின் ஊழியர்களும் போய்வருகிறார்கள். பேத்தாழை, கிரான், சந்திவெளி, ஓட்டமாவடி என்று சுற்றுவட்டார ஊர்களின் பிள்ளைகள். விடுதி வேலை காலை 6, பகல் 2, இரவு 10 என்று மாறும். புதிய விருந்தினர் அறை எடுக்கும் நேரமும் பகல் 2 மணிதான். ஒரே வண்டி ஒரே நேரத்தில் ஊழியரையும் விருந்தினரையும் எப்படி ஏற்றும்? விருந்தினர் ஏறியதும் வேலை முடிந்தவர் இறங்கி நிற்க வேண்டியதாகிறது. ஊழியர் மாற்றத்தை ஒன்றரைக்கோ மூன்றுக்கோ நகர்த்தினால் அதே வண்டி இரண்டையும் செய்யும். இரவு 10 மணிக்குப் பிறகு உள்வீதிகளில் வேறு பஸ் இல்லை. அந்த நடைக்கு விருந்தினர் வண்டியை நம்பியிருக்காமல் தனி வான் ஒதுக்கி, பெண் ஊழியர்களைச் சந்தியில் இறக்கிவிடாமல் அவரவர் ஒழுங்கை வாசல் வரை கொண்டுபோய் விட வேண்டும். விடியப்புற ரயிலுக்குப் போன சாரதியையே இந்த இரவு நடைக்கும் அனுப்புவதை விடுதிகள் உடனே நிறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
பஸ், வான் சேவையில் தொழில் செய்யும் சிலர்,
கல்குடா.