பாலபாடம் என்று எழுதிவிட்டீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் தலையங்கத்தில், "குறைந்தபட்சக் கூலியைச் சட்டம் போட்டு உயர்த்தினால் வேலை குறையும் என்பது பொருளியலின் பாலபாடம்" என்று எழுதியிருந்தீர்கள். நான்கு நாட்களாக அந்த வரியை மனத்திலிருந்து இறக்கி வைக்க முடியவில்லை. தங்கள் இதழின் கருத்தோடு பலமுறை மாறுபட்டிருக்கிறேன். அதற்காகச் சந்தாவை ஒருமுறையும் நிறுத்தியதில்லை. இம்முறை என்னைப் புண்படுத்தியது 'பாலபாடம்' என்ற அந்த ஒரு சொல். கூலி உயர வேண்டும் என்று கேட்பவர்கள் அரிச்சுவடியும் அறியாதவர்கள் என்றல்லவா அதற்குப் பொருள்?

நான் 31 ஆண்டுகள் ஒரு தையல் நிறுவனத்தில் கூலிப் பதிவேடு எழுதியவன். குறைந்தபட்சக் கூலி உயர்ந்த ஓர் ஆண்டில் முதலாளி என்னை அழைத்து, யார் யாரை நிறுத்தலாம் என்று பட்டியல் எழுதச் சொன்னார். பதினோரு பெயர்களை எழுதிக் கொடுத்தேன். அதை எழுதிய இரவு தூக்கம் வரவில்லை என்பதை இன்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அதுவரை எங்கள் பதிவேட்டில் மாதந்தோறும் ஆறேழு பெயர்களுக்கு எதிரே 'விலகினார்' என்று சிவப்பு மையில் எழுதுவது வழக்கம். அவர்களுடைய இடத்துக்கு வரும் புதியவர் காலரைக் கோணாமல் தைக்க இரண்டு மாதமாகும்; அதுவரை துணி வீணாகும், ஊசி முறியும், கை தேர்ந்த ஒருவர் தன் வேலையை விட்டுவிட்டு அவருடைய தையலைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கூலி உயர்ந்த பிறகு நான்கு மாதம் சிவப்பு மைக்கு வேலையே இருக்கவில்லை. ஆள் நிலைத்ததால் மிச்சமான செலவை முதலாளியே கணக்குப் போட்டுப் பார்த்தார். பட்டியலைக் கேட்டு வாங்கி, என் கண் முன்னே கிழித்தார்.

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று நான் சாதிக்கவில்லை. ஓவர்டைம் குறைக்கப்பட்டது, ஒரு நாளைக்குத் தைக்க வேண்டிய உருப்படிகளின் எண்ணிக்கை கூட்டப்பட்டது, ஓராண்டாகத் தைத்துக்கொண்டிருந்த இரு பெண்களை மீண்டும் 'பயிலுநர்' என்று பதியச் சொன்னார்கள், நானும் பதிந்தேன். அந்தச் சுமை இறங்கிய தோள்கள் யாருடையவை என்பது எனக்குத் தெரியும். ஆனால் தாங்கள் எழுதியதுபோல் வேலை போகவில்லை.

பாலபாடத்தின் தர்க்கம் தாங்கள் அறியாததன்று. விலை ஏறினால் வாங்குவது குறையும். உழைப்பும் ஒரு சரக்கு. ஆகவே கூலி ஏறினால் ஆள் எடுப்பது குறையும் என்பார்கள். பல முதலாளிகள் ஒரே ஆளுக்குப் போட்டியிடும் சந்தைக்கு அது பொருந்தலாம். வேறு இடத்துக்குப் போக வழியில்லாத தொழிலாளியின் நிலை அதுவன்று. அங்கே கூலியை முதலாளியே தீர்மானிக்கிறார். கூடுதலாக ஓர் ஆளை ஈர்க்கக் கூலியை ஏற்றினால் ஏற்கெனவே இருக்கும் அனைவருக்கும் ஏற்ற வேண்டும் என்பதால், இடத்தைக் காலியாக விட்டுவிடுவதே அவருக்கு இலாபம். அத்தகைய இடத்தில் சட்டம் ஓர் அடிமட்டத்தை வகுத்தால் வேலைவாய்ப்பு குறையாமல் இருக்கலாம், கூடவும் செய்யலாம் என்று பிரிட்டனின் பொருளியலாளர் ஜோன் ராபின்சன் 1933-இலேயே விளக்கிவிட்டார்.

ஏட்டில் மட்டும் இருக்கும் வாதமன்று இது. 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா உயர்த்தவில்லை. பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் இரு பக்கமுமாக 410 துரித உணவகங்களை உயர்வுக்கு முன்பும் பின்பும் விசாரித்து, நியூ ஜெர்சியில் வேலை குறைந்ததற்குச் சான்றில்லை என்று 1994-இல் எழுதினார்கள். டேவிட் நியூமார்க்கும் வில்லியம் வாஷரும் சம்பளப் பதிவேடுகளைக் கொண்டு அதை மறுத்தார்கள். அதற்குக் கார்டும் க்ரூகரும் மறுமொழி எழுதினார்கள். 2021-இல் கார்டுக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. இத்துறையில் வாழ்நாளைச் செலவிட்டவர்களே இன்றும் வாதிட்டுக்கொண்டிருக்கும் ஒன்றைத் தாங்கள் ஒரே வரியில் தீர்த்துவிட்டீர்கள்.

பிரிட்டனில் 1999-இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 3.60 பவுண்டு என்று தொடங்கியபோதும், ஜெர்மனியில் 2015-இல் 8.50 யூரோ என்று தொடங்கியபோதும் இலட்சக்கணக்கான வேலைகள் அழியும் என்று எச்சரித்தவர்கள் உண்டு. அந்த அழிவு வரவில்லை. ஜெர்மனியில் குறைந்த கூலிக்காரர்கள் பலர் சிறிய நிறுவனங்களை விட்டு, கூடுதல் கூலி தரும் பெரிய நிறுவனங்களுக்கு மாறினார்கள் என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். மூடப்படும் பட்டறையை எண்ணும் கட்டுரைகள், அங்கிருந்து வெளியேறியவர் அடுத்த மாதம் எங்கே உட்கார்ந்து தைக்கிறார் என்று தேடிப்போவதில்லை.

எல்லை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 1938-இல் அமெரிக்கா நாடு முழுவதற்கும் மணிக்கு 25 சென்ட் என்று வகுத்தபோது, அதைவிட மிகக் குறைந்த கூலி நிலவிய, அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட புவேர்ட்டோ ரிக்கோ தீவிலும் அதே விகிதம் விதிக்கப்பட்டது. அங்கே கைத்தையல் தொழில் கடுமையாக அடிபட்டது. 1940-இல் சட்டத்தைத் திருத்தி அத்தீவுக்குத் தனி விகிதங்களுக்கு வழி செய்ய வேண்டியதாயிற்று. தையல்காரர்களோடு காலம் கழித்தவன் என்பதால் இந்தச் செய்தி எனக்கு வலிக்கிறது, ஆனாலும் இதை மறைப்பது நேர்மையன்று. எவ்வளவு உயர்த்துவது, எங்கே உயர்த்துவது, எவ்வளவு வேகத்தில் உயர்த்துவது என்று தாங்கள் எழுதியிருந்தால் நான் கைகூப்பிப் படித்திருப்பேன்.

யார் கொடுக்கிறார் என்ற கேள்வியையும் தலையங்கம் தொடவில்லை. ஹங்கேரியில் 2001-இல் குறைந்தபட்சக் கூலி பேரளவில் உயர்ந்தது. அதை ஆராய்ந்தவர்கள், கூடிய செலவில் ஏறத்தாழ 75 சதவீதத்தை விலையேற்றத்தின் வழியே நுகர்வோரும், 25 சதவீதத்தை உரிமையாளர்களும் ஏற்றார்கள் என்றும், வேலை இழப்பு சிறியது என்றும் கண்டார்கள். நானும் தாங்களும் வாங்கும் சட்டையின் விலை சற்றுக் கூடும் என்பதே அதன் பொருள். அதைத் தாங்க மனமில்லை என்றால் அப்படியே சொல்லலாம். தைப்பவரின் வேலையைக் காப்பதற்காகவே மறுக்கிறோம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதைத் தனித்த ஒரு தவறாக எண்ணியிருந்தால் பொறுத்திருப்பேன். சில ஆண்டுகளுக்கு முன் தொழில் சிறப்பிதழ் ஒன்று வெளியிட்டீர்கள். நான்கு முதலாளிகளின் பேட்டிகளும் ஓர் ஆலோசகரின் கட்டுரையும் இருந்தன. தொழிலாளி ஒருவர் பேசிய ஒரு வரி இல்லை. இயந்திரங்களின் மேல் குனிந்திருந்த பெண்களின் படத்துக்குக் கீழே 'உயரும் உற்பத்திச் செலவு' என்று அச்சிட்டிருந்தீர்கள். அவர்களுடைய பெயர் அந்த இதழில் செலவு என்றே இருந்தது. அப்போது நான் எழுதிய கடிதம் கிடைத்ததாக அஞ்சலட்டை வந்தது, கடிதம் வெளிவரவில்லை. அதே பக்கங்களில் பெருநிறுவனத் தலைவர்களின் ஊதிய உயர்வைத் 'திறமைக்குரிய மதிப்பு' என்று எழுதினீர்கள். ஒருவருக்குக் கூடினால் மதிப்பு, மற்றவருக்குக் கூடினால் செலவு என்ற கணக்கை எந்தப் பதிவேட்டிலும் நான் எழுதியதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உயர்வு அறிவிக்கப்பட்டதும் எல்லாருக்கும் அது கிடைத்துவிடுவதாகத் தலையங்கம் வைத்துக்கொள்கிறது. நான் முதலில் வேலை பார்த்த இடத்தில், சட்டம் சொன்ன தொகைக்கு எதிரே பெருவிரலை மைத்திண்டில் ஒற்றி வைத்துவிட்டு, அதைவிடக் குறைந்த தொகையை எண்ணி வாங்கிப் போனார்கள். ஓர் அம்மாள் தொகையை எண்ணிப் பார்க்கவே மாட்டார். விரலில் ஒட்டிய நீல மையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே நகர்ந்துவிடுவார். அந்தப் பதிவேட்டைக் கொண்டு கூலி உயர்வின் விளைவை யாராவது ஆராய்ந்திருந்தால், கூலி உயர்ந்தும் ஒரு தீங்கும் வரவில்லை என்று முடிவு கட்டியிருப்பார்கள். உயர்வு கைக்கு வந்து சேர்ந்ததா என்று முதலில் கேட்பதே முறை.

நான் கேட்பது பெரிதன்று. அடுத்த இதழின் திருத்தங்கள் பகுதியில், 'பாலபாடம்' என்றது பொருளியலாளர்களில் ஒரு சாராரின் கருத்து என்று இரண்டு வரி வெளியிடுங்கள். அதற்கு இடமில்லையெனில் இக்கடிதத்தைச் சுருக்கி வெளியிடலாம். ஆய்வுகளைப் பற்றி எழுதியவற்றை வெட்டினாலும் வருத்தமில்லை, அந்த அம்மாளைப் பற்றிய பத்தியை மட்டும் விட்டுவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
ஓய்வு பெற்ற கூலிக் கணக்கர்